பிணங்கள் தாங்கிய கொடியா? அமெரிக்க தேசிய கீதத்தின் உண்மைக் கதை

'சுதந்திரப் போரில் கைதியாக இருந்த பிரான்சிஸ் ஸ்காட் கீ, வீரர்களின் பிணங்கள் முட்டுக்கொடுத்து நிறுத்திய கொடியைக் கண்டு எழுதியதே அமெரிக்க தேசிய கீதம். அன்றே கீதமாகிவிட்டது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

சுதந்திரப் போர் 1783-லேயே முடிந்துவிட்டது. கீதம் பிறந்தது, 1812-இல் பிரிட்டனுடன் தொடங்கிய போரில். வழக்கறிஞரான கீ கைதியல்லர். பிரிட்டிஷார் பிடித்துவைத்திருந்த மருத்துவர் பீன்ஸை மீட்கச் சமாதானக் கொடியுடன் போனவர். விடுவிக்கச் சம்மதித்தார்கள், ஆனால் தங்கள் தாக்குதல் திட்டம் கீக்குத் தெரிந்துவிட்டதால், அது முடியும்வரை போகவிடவில்லை.

1814 செப்டம்பர் 13, 14-இல் பால்டிமோரின் மெக்கென்றி கோட்டைமீது சுமார் 25 மணி நேரம் குண்டுகள் விழுந்தன. கோட்டையிலிருந்த சுமார் ஆயிரம் பேரில் இறந்தவர்கள் நான்கைந்து பேர்தான். பிணக்குவியலுக்கு ஆள் எங்கே? கொடியைத் தாங்கியது சாதாரணக் கம்பம். விடிந்ததும் ஏற்றப்பட்ட பெரிய கொடி 30 அடிக்கு 42 அடி. மேரி பிக்கர்ஸ்கில் தைத்தது. இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்தக் கொடியைக் கண்டு கீ எழுதிய கவிதை சில நாளில் அச்சேறியது. மெட்டோ லண்டன் சங்கம் ஒன்றின் விருந்துப் பாட்டு. எதிரி நாட்டு மெட்டு! அமெரிக்கக் கடற்படை 1889-இல் இதைக் கொடியேற்றும்போது இசைக்க ஏற்றுக்கொண்டது. 1916-இல் அதிபர் வில்சன் ராணுவ நிகழ்ச்சிகளில் இசைக்க ஆணையிட்டார். சட்டப்படி தேசிய கீதமானது 1931 மார்ச் 3-இல், அதிபர் ஹூவர் கையெழுத்திட்ட பிறகே.