கனூவுக்கு 30 பவுண்டே தாராளம்

கனூவில், அதாவது துடுப்புப் போடும் ஒடுக்கமான சிறு படகில், மின்மோட்டார் மாட்டுவது பற்றிய கட்டுரையில், 16 அடி கனூவுக்கு 55 பவுண்டு உந்துவிசை மோட்டார் வாங்கச் சொல்லியிருக்கிறார் கட்டுரையாளர். எனக்கு உடன்பாடில்லை. கனூ தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகு. ஒரு அளவுக்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் அலைதான் பெரிதாகுமே தவிர வேகம் அவ்வளவாகக் கூடாது. 30 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், 55 பவுண்டு என்றால் 50 ஆம்பியர். பேட்டரி சீக்கிரம் காலியாவதுதான் மிச்சம்.

உண்மையான தலைவலியே பேட்டரிதான். முதல் வருடம் 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி வைத்திருந்தேன், கிட்டத்தட்ட 30 கிலோ. தனியாகப் போன அன்று அதையும் பின்பக்கம் என் காலடியிலேயே வைத்துவிட்டேன். படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. காற்று அடித்ததும் பம்பரம்தான்! அப்புறம் நீளமான, தடித்த வயர் போட்டு பேட்டரியை முன்னால் தள்ளினேன், சரியாகிவிட்டது. ஈய பேட்டரியில் சார்ஜைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். அதே கொள்ளளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12 கிலோ அளவுதான், முக்கால்வாசிக்கு மேலும் தைரியமாக எடுக்கலாம். விலைதான் கடிக்கும்.

கட்டுரையில் விட்டுப்போனது ஒன்று: கனடாவில் மின்மோட்டார் மாட்டினாலும் அது மோட்டார் படகுதான், ஓட்டுபவரிடம் அதற்கான தகுதி அட்டை இருக்க வேண்டும். பேட்டரி பக்கத்திலேயே, மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டித்துவிடும் ஒரு பிரேக்கரும் போடுங்கள். விசிறியில் களை சுற்றி மோட்டார் திணறும்போது வயர் எப்படிச் சுடும் என்று தொட்டே பார்த்திருக்கிறேன்.