அண்ணன் எழுதிய சுவர்கள்

எங்கள் அண்ணன் பெயிண்டர். பத்தொன்பது வயதில் பிரஷ்ஷைப் பிடித்தவர். தேர்தல் வந்துவிட்டால் இரண்டு மாதத்துக்கு அவருக்கு வேலைக்குப் பஞ்சமே இருக்காது. முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு. காய்ந்ததும் நூலை நீலத்தில் நனைத்து அந்தப் பக்கம் அவர் பிடிப்பார், இந்தப் பக்கம் நான் பிடிப்பேன். நடுவில் இழுத்துச் சுண்டினால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டுக்குள்தான் எழுத்து. இரட்டை இலைக்கு நரம்பு எப்படி ஓட வேண்டும், சூரியனுக்குக் கதிர் எவ்வளவு விரிய வேண்டும், எதையும் அவர் படம் பார்த்துப் போடுவதில்லை. கட்சி எதுவானாலும் கடைசி வரி ஒன்றுதான்: 'வாக்களிப்பீர்'. எத்தனை நூறு சுவரில் அந்தச் சொல்லை எழுதியிருப்பாரோ, அவருக்கே தெரியாது. நாற்பது வயது தாண்டிவிட்டது. இதுவரை அவர் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை.

நாங்கள் ஈரோடு மாவட்டத்தில் ஒரு முகாமில் இருக்கிறோம். 2021 ஆகஸ்ட் வரை அதற்கு அகதிகள் முகாம் என்று பெயர். இப்போது இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். தமிழ்நாடு முழுக்க இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கிறோம். இளையவர்களில் பெரும்பாலோர் இங்கேயே பிறந்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை இலங்கை என்பது பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் நான் சொல்ல வருவது புரியும்.

அம்மாவின் அப்பா இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். இலங்கையில் 1931-லேயே வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்துவிட்டது. 1947 தேர்தலில் தாத்தா ஓட்டுப் போட்டார். மறு வருடம் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி ஓட்டையும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இவ்வளவு பேர் உங்களுக்கு, இவ்வளவு பேர் எங்களுக்கு என்று இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 எனக் கணக்குப் பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். இவ்வளவு பெரிய பங்கீட்டிலும் எங்கள் தாத்தாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்தைவிட்டுக் கிளம்பி வவுனியாவுக்குப் போனார்கள். அங்கேதான் அம்மாவுக்கு அப்பாவோடு கல்யாணம் நடந்தது.

அப்பா மன்னார்க்காரர், இலங்கைக் குடிமகன். அவர் கடைசியாக ஓட்டுப் போட்டது 1982-ல். அடுத்த ஆண்டு ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். 2019-ல் அப்பா இறந்தார். நடுவில் முப்பத்தேழு வருடம். இங்கேயும் ஓட்டில்லை, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அங்கேயும் ஓட்டுப் போட வழியில்லை. அம்மாவுக்கோ பிறந்ததிலிருந்தே இல்லை. "ஓட்டெல்லாம் நமக்கெதுக்கு பாப்பா, சோறு கெடைச்சாப் போதும்" என்று சொல்வார். சொல்லிவிட்டு, ஓட்டு எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தொகுதி வாரியாக யார் எத்தனை வாக்கு முன்னிலை என்று அவருக்கு அத்துப்படி.

அண்ணன் பிறந்தது 1985 பிப்ரவரியில், ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில். நான் பிறந்தது 1988 ஜனவரியில். 1987 ஜூலை கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் பலர் கப்பலேறித் திரும்பினார்கள். அம்மா என்னைச் சுமந்துகொண்டிருந்ததால் அப்பா போகவில்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, இருவரும் இதே மண்ணில் பிறந்த பிள்ளைகள். ஆனால் சட்டத்தின் முன்னால் நாங்கள் ஒரே மாதிரி இல்லை.

இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். பெற்றோர் யார் என்ற கேள்வியே கிடையாது. ஆக, அண்ணன் பிறந்த நிமிடத்திலிருந்தே இந்தியர். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். நான் ஆறு மாதம் பிந்திப் பிறந்துவிட்டேன். இந்தத் திருத்தம் எங்களையும் மனதில் வைத்துத்தான் வந்தது. மசோதாவின் காரண விளக்கத்திலேயே இலங்கையின் பெயர் இருக்கிறது. 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் இறுக்கம்: ஒருவர் குடிமகனாக இருந்தாலும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. அண்ணி 1990-ல் கைக்குழந்தையாகப் படகில் வந்தவர். பாஸ்போர்ட் இல்லாமல் வந்த குழந்தையும் சட்டத்தின் பார்வையில் சட்டவிரோதக் குடியேறிதான். அதனால் 2012-ல் பிறந்த அவர்கள் மகளுக்கு, அப்பா இந்தியராக இருந்தும், பிறப்பால் குடியுரிமை கிடையாது.

அண்ணன் இந்தியர் என்பது அண்ணனுக்கே 2022 வரை தெரியாது. அந்த வருடம் ஆகஸ்ட்டில், 1986-ல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருப்பவர் அவர். 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் போட்டார். அன்று எங்கள் முகாமில் அவர் படம் எல்லோர் செல்போனிலும் சுற்றியது. அண்ணன் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. இதே சட்டப்படி, இதே தேதிகளுக்குள் இந்தியாவில் பிறந்த திபெத்தியர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லி 2014-லேயே தேர்தல் ஆணையம் அறிவுறுத்திவிட்டது. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்காக அப்போதே ஒரு குரல் எழுந்திருக்க வேண்டாமா? ஈழம் ஈழம் என்று மேடைக்கு மேடை பேசிய மண் இது. முகாமுக்குள் சட்டப்படி ஏற்கெனவே இந்தியராக இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு கணக்கெடுக்க யாருக்கும் தோன்றவில்லையே.

நன்றி மறந்து பேசவில்லை. 2021-ல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. பழைய பத்துக்குப் பத்து அறைகள் போய்ப் புது வீடுகள் வந்தன. பணக்கொடையும் குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500 என உயர்ந்தது. அதையெல்லாம் சாப்பிட்டு வளர்ந்த உடம்புதான் இது. ஆனால் கொடை என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். கொடுப்பவர் மனம் இருந்தால் கொடுப்பார். எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஓட்டுள்ள தெருவுக்கு அந்தக் கட்டாயம் தானாகவே வந்துவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்த்தது ஒரு கிராம சபையில். முகாமின் கடைசி வரிசைக்குப் பின்னால் சாக்கடை. மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். ஓர் அக்டோபர் 2 அன்று நாங்கள் நாலு பெண்கள் மனு எழுதி எடுத்துக்கொண்டு போனோம். சமுதாயக் கூடத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அந்த அண்ணா தயங்கினார். "நீங்க முகாமுங்களா? வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கறவங்கதானுங்க சபையில உறுப்பினரு. சும்மா உக்காந்து கேளுங்க" என்றார். குரலில் மரியாதைக் குறைவு இல்லை. சட்டமும் அப்படித்தான் இருக்கிறது. கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். பக்கத்துத் தெருச் சாக்கடைக்குத் தீர்மானம் போட்டார்கள், எல்லோரும் கை தூக்கினார்கள். என் பக்கத்தில் இருந்த அக்காவும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கிவிட்டு, சுற்றிலும் பார்த்துச் சட்டென்று இறக்கிக்கொண்டார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தீர்மானத்தில் அது வரவில்லை. பக்கத்துத் தெருச் சாக்கடை அடுத்த வருடமே கட்டி முடிந்தது. எங்களுடையதற்கு மூன்று வருடம் ஆனது.

'குடிமகன் இல்லாதவருக்கு எந்த நாட்டில் ஓட்டுக் கொடுக்கிறார்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கிறார்கள். நார்வேயில் மூன்று வருடம் சட்டப்படி வசித்த வெளிநாட்டவர் 1983-லிருந்தே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அயர்லாந்தில் வசிக்கும் யாரும் உள்ளாட்சிக்கு வாக்களிக்கலாம், அடைக்கலம் கேட்டுக் காத்திருப்பவர்கள் உட்பட. பிரிட்டனில் தங்க அனுமதி பெற்ற காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் நாடாளுமன்றத் தேர்தலிலேயே வாக்களிக்கலாம். அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. எங்கள் சித்தப்பா லண்டன் போய்ச் சேர்ந்தவர். அங்கே குடியுரிமை வாங்குவதற்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட்டார். அவருடைய கூடப்பிறந்த அண்ணன், தமிழ் பேசும் மண்ணில் இருந்துகொண்டு, முப்பத்தேழு வருடம் போடவில்லை.

நார்வே என்றதும் கம்ஷாஜினி குணரத்தினம் நினைவுக்கு வருகிறார். 1988-ல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் நார்வே போனவர். 2015-ல் ஒஸ்லோ நகரின் துணை மேயர் ஆனார். 2021-ல் நாடாளுமன்ற உறுப்பினர். அவரும் நானும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். அவரைப் பார்த்துப் பொறாமை இல்லை, பெருமைதான். எங்கள் முகாமில் கெட்டிக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானே மாலையில் டியூஷன் எடுக்கிறேன். அவர்களில் ஒருவர் இந்த ஊராட்சியில் வார்டு உறுப்பினராகக்கூட நிற்க முடியாது.

'நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவர்கள்தானே' என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. போக விரும்புகிறவர்களைக் கௌரவமாக அனுப்பி வையுங்கள், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்தும் எல்லோரையும் பயணிகளாகவே வைத்திருப்பது நியாயமில்லை. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என மூன்று நாடுகள் இருந்தன. இலங்கை இல்லை. 2025-ல் பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். தலைக்கு மேல் தொங்கிய கத்தி இறங்கியது, நிம்மதி. ஆனால் அதோடு ஓட்டு வரவில்லை.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். இங்கே பிறந்தவர்களுக்கும், இந்திய வம்சாவளி என்று இரண்டு நாடும் ஏற்கெனவே கணக்குப் பிரித்த மலையக மக்களுக்கும் குடியுரிமை வேண்டும். அது வரும்வரை கிராம சபையிலாவது எங்கள் கைக்கு ஒரு கணக்கு வேண்டும். அதற்குச் சட்டத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்கும் பலம் எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அடுத்த முறை வேட்பாளர் உங்கள் வாசலுக்கு வரும்போது முகாம் மக்களுக்கு என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேளுங்கள். எங்கள் வாசலுக்கு அவர் வர மாட்டார். பிரச்சார ஆட்டோ முகாம் வளைவு வரை வந்து, மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பிப் போகும்.

அண்ணன் 2024 ஜூனில், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லிப் படிவம் 6 கொடுத்தார். முகவரியில் முகாம் என்று இருந்ததைப் பார்த்ததும், "இது எங்ககிட்ட வராதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது முறை அந்த மதுரைக் கிளைத் தீர்ப்பின் நகலோடு போனோம். பார்த்துவிட்டு, முகாமைப் பார்க்கும் வருவாய் ஆய்வாளரிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிக் கொடுத்தோம். மேலே எழுதிக் கேட்டிருக்கிறோம் என்றார்கள். அதோடு சரி. வேலையை விட்டுவிட்டுப் போகும் ஒவ்வொரு முறையும் அண்ணனுக்கு ஒருநாள் கூலி போகிறது. அவர் ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம்தான், "பாப்பா, அந்தப் பிறப்புச் சான்றிதழை நாலு நகல் எடுத்து வை" என்றார்.

எடுத்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.