அரவணைக்கிறாங்களாம்... மூச்சு முட்டுது!

"எங்கள் நிறுவனம் எல்லாரையும் அரவணைக்கும்"னு புதுசா சேர்றவங்களுக்கு ஒரு வெல்கம் மெயில் போகுது. பார்வையில்லாதவருக்கும் அதேதான் போகுது. அதுல எழுத்துன்னு ஒண்ணுமே கிடையாது, மொத்தமும் ஒரே ஒரு படம். படத்துல சக்கர நாற்காலி, கைகோத்த மனுஷங்க, வானவில் எல்லாம் இருக்காம். படத்துல என்ன இருக்குன்னு எழுத்துல சொல்ற மாற்று உரையை எழுத ஒருத்தருக்கும் கை வரல. திரையில இருக்கிற எழுத்தைக் குரல்ல படிச்சுச் சொல்ற ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் படிக்கிறது இவ்ளோதான்: "கிராஃபிக், வெல்கம் ஃபைனல் ஃபைனல் டூ டாட் ஜேபிஜி." நல்லா அரவணைச்சீங்கய்யா!

இத்தனைக்கும் தெரியாம நடந்ததா? ஆஃபர் லெட்டர் குடுக்கும்போதே "மாற்றுத்திறனாளியா?"ன்னு ஒரு கட்டம் வச்சு, டிக் போடச் சொல்லி, யூடிஐடிங்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முன்பக்கம் பின்பக்கம் ரெண்டும் ஸ்கேன் பண்ணி வாங்கி வச்சுக்கிறீங்க. அந்த டிக் எங்க போகுது? வருஷக் கடைசி ஸ்லைடுல எண்ணிக்கை காட்டப் போகுது. ஐடி டீமுக்கு மட்டும் போகாது. நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள்னு நடுவுல அவ்ளோ நாள் கிடக்கே, அந்த ரெண்டு மூணு மாசமும் ஹெச்ஆர் என்ன, அந்த ஸ்லைடுக்கு பார்டர் கட்டிட்டு இருந்தீங்களா?

சரி, ஜாயினிங் நாள் வருது. லேப்டாப் வருது. பளபளன்னு இருக்கு, ஆனா பேசாது. என்விடிஏங்கிற ஸ்கிரீன் ரீடரைப் போட்டா பேசும். பைசா செலவில்லாத மென்பொருள், பார்வையில்லாத ஒருத்தர் 2006ல ஆரம்பிச்சது. போட அட்மின் அனுமதி வேணும். அனுமதிக்கு ஐடி டீமுக்கு டிக்கெட், அதாவது ஆன்லைன் விண்ணப்பம், போடணும். டிக்கெட் போட போர்ட்டலுக்குள்ள போகணும். உள்ள போக முதல்ல பாஸ்வேர்ட் மாத்தணும், அப்புறம் திரையில வர்ற க்யூஆர் கோடை போன்ல ஸ்கேன் பண்ணணும். கண்ணு தெரியாதவர், தனக்குத் தெரியாத திரையில, எங்க இருக்குன்னே தெரியாத கட்டத்துக்கு நேரா போனைப் பிடிக்கணும்! ஆக, டிக்கெட் போட ரீடர் வேணும், ரீடர் வேணும்னா டிக்கெட் போடணும். கோழியா முட்டையான்னு இனிமே யாரும் மண்டையைப் பிச்சுக்க வேணாம், இதை எடுத்துக்கோங்க.

பக்கத்து சீட்டுக்காரர் பாவப்பட்டு தன் ஐடியில டிக்கெட் போடுறார். ரிஜெக்ட். "சம்பந்தப்பட்டவரே விண்ணப்பிக்க வேண்டும்." மேனேஜர் கத்தி, திறக்கிறாங்க. அடுத்தது, "அங்கீகரிக்கப்பட்ட மென்பொருள் பட்டியலில் இல்லை." செக்யூரிட்டி டீமுக்குப் போகுது. அவங்க ஆராய்ச்சி பண்ணிச் சொல்றாங்க: இது விசைப்பலகையில நீங்க அழுத்துறதையெல்லாம் கவனிக்குது, மத்த புரோகிராமுக்குள்ள எட்டிப் பாக்குது, சந்தேகமா இருக்கு. அடேங்கப்பா! அதுக்குத்தான்யா அதைக் கண்டுபிடிச்சாங்க! எட்டிப் பாக்காம என்னத்தைப் படிச்சுச் சொல்லும், ஜோசியமா? அப்புறம் பர்ச்சேஸ் டீம் வருது: "வெண்டார் யாரு? கொட்டேஷன் எங்க?" இலவசம்ங்கிறோம். இலவசம்னா கொட்டேஷன் இருக்காது, கொட்டேஷன் இல்லாட்டி ஃபைல் நகராது.

ஒருவழியா போட்டுட்டாங்கன்னு வைங்க. மறுநாள் காலையில லாகின் திரை மறுபடி ஊமை. ஏன்னா லாகின் திரையிலயும் பேச வைக்கிற ஆப்ஷனைத் தனியா டிக் பண்ணணும், அதுக்கும் அட்மின் வேணும். ரெண்டாவது டிக்கெட். அது முடிஞ்சா, வேலை முழுக்க ரிமோட் டெஸ்க்டாப்புலயாம், அதாவது வேற எங்கயோ இருக்கிற கம்ப்யூட்டரை இங்கிருந்தே ஓட்டணும். இங்க இருக்கிற ரீடருக்கு அந்த ரிமோட் திரை வெறும் படம். அந்தப் பக்கமும் ஒரு ரீடர் போட்டாகணும். மூணாவது டிக்கெட், வேற டீம், கிளையன்ட் கிட்ட வேற அனுமதி.

இதுக்கு நடுவுல 7 நாள்ல முடிக்க வேண்டிய கட்டாயப் பயிற்சி ஓடிக்கிட்டு இருக்கு. அதுல கேள்வி: "சரியான பாஸ்வேர்டை மவுஸால் இழுத்துப் பெட்டிக்குள் போடவும்." கீபோர்டுல செய்ய வழியே கிடையாது. எட்டாம் நாள் காலையில மேனேஜருக்குத் தானியங்கி மெயில்: "உங்கள் ஊழியர் பயிற்சியில் ஆர்வம் காட்டவில்லை." வாயில நல்லா வருது.

என்ன கொடுமைன்னா, இதுல பாதிக்குத் தீர்வு ஒரு நிமிஷ வேலை. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூணையும் சேர்த்து அழுத்துங்க, விண்டோஸோட வர்ற நரேட்டரே பேசும். லாகின் திரையிலயும் பேசும். என்விடிஏ வர்ற வரைக்கும் அதை வச்சு ஓட்டலாம். க்யூஆர் பக்கத்துலயே பெரும்பாலும் "ஸ்கேன் பண்ண முடியலையா"ன்னு ஒரு லிங்க் இருக்கும், அழுத்தினா டைப் பண்ற மாதிரி குறியீடு வரும். என்விடிஏவைத் திரையில எதுவும் கேக்காம சத்தமில்லாம நிறுவ ஒரு வரி கமாண்ட் இருக்கு, லாகின் திரை ஆப்ஷனையும் அதே வரியில சேத்துடலாம். லேப்டாப்பைத் தயார் பண்ற அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஹெல்ப்டெஸ்க்ல கேட்டுப் பாருங்க. "ரீஸ்டார்ட் பண்ணீங்களா சார்?"

தமிழ்ல கையேடு குடுக்கிறோம்னு பெருமை அடிச்சுக்கிற ஆபீஸ் தனி ரகம். பாமினிங்கிற பழைய எழுத்துருல அடிச்சு வச்சிருப்பாங்க, அதுல இங்கிலீஷ் எழுத்துக்கே தமிழ் வேஷம் போட்டிருக்கும். "நாம் ஒரே குடும்பம்"னு கண்ணுக்குத் தெரியும். ஸ்கிரீன் ரீடருக்கு அந்த "நாம்" வெறும் ஈ, எச், கே, செமிகோலன். தமிழைத் தமிழாவே பதிவு பண்ற யூனிகோட் வந்து எத்தனை வருஷம் ஆச்சு!

சாய்தளத்தை விட்டுட்டேனே. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னெண்டு பங்கு நீளம், அதாவது 1:12ன்னா, 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேணும். இவங்க அரை மீட்டர்ல சிமென்ட்டைப் பூசி விட்டுருவாங்க. சறுக்குமரம்! அதுலயும் பாதி இடத்துக்குப் பூந்தொட்டி. மாற்றுத்திறனாளி டாய்லெட்ல துடைப்பமும் பினாயிலும், சாவி செக்யூரிட்டி அண்ணன் கிட்ட, செக்யூரிட்டி அண்ணன் சாப்பிடப் போயிருக்கார்.

சட்டம் இல்லையான்னு கேக்காதீங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு. 2017 விதிப்படி 20 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற தனியார் நிறுவனம்கூட சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடணும், அதுல என்னென்ன உதவிச் சாதனம் தருவோம்னு சொல்லணும், இதைப் பாத்துக்க ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்கணும். கொள்கை வெப்சைட்ல ஜம்முனு இருக்கு. என்ன வடிவத்துலன்னு நினைக்கிறீங்க? ஸ்கேன் பண்ண பிடிஎஃப், அதுவும் ரீடருக்கு வெறும் படம்தான். சாஞ்சு வேற இருக்கு. அந்த அலுவலர் பேரு மேல சரியா ரவுண்டு சீல்.

சிரிப்புத்தான் வருது, போங்க. எந்திரிச்சு ஒரு காபி குடிக்கலாம்னு போனா அங்கயும் டச் ஸ்கிரீன் மெஷின். தடவிப் பாக்க ஒரு பட்டன் கிடையாது. காபின்னு நினைச்சு அழுத்தினா வெந்நீர் வருது. கண்ணு நல்லா தெரிஞ்சு, பாத்துப் பாத்து அழுத்தினவருக்கும் கிட்டத்தட்ட அதேதான் வருது. முன்னாடி ஒரு அண்ணன் பித்தளை ஃபில்டர்ல டிகாக்‌ஷன் இறக்கி, டம்ளரைக் கையில குடுப்பாரே, அவரை எதுக்குய்யா நிறுத்துனீங்க?