பூங்காவுக்குப் படைவீரர் பெயர் வைத்தால் நிலம் ராணுவத்துக்குப் போகுமா?

கிருஷ்ணகிரியில் எங்கள் குடியிருப்புப் பூங்காவுக்கு, முதுமையில் காலமான முன்னாள் படைவீரர் ஒருவரின் பெயரை வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. உடனே ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: “பெயர் வைத்தால் இடம் ராணுவத்துக்குப் போய்விடும். போரில் மடிந்தவர் பெயரைத்தான் வைக்க முடியும்.” இரண்டுமே தவறு.

நிலம் யாருடையது என்பதைப் பத்திரம்தான் சொல்லும், பெயர்ப்பலகை அல்ல. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அப்படி வந்த பூங்காவுக்கு யார் பெயரை வைத்தாலும் உரிமை மாறாது. பிள்ளைகள் விளையாட இடம் போய்விடுமே என்று பயந்த தாய்மார்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், மடிந்தவருக்கு மட்டுமா மரியாதை? 1987இல் சியாச்சின் பனிமலையில் ராணுவ வீரர் பாணா சிங் கைப்பற்றிய சிகரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவர் உயிரோடு திரும்பியவர். 2023 ஜனவரி 23 அன்று நாட்டின் உயரிய போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் பெயர்கள் அந்தமான் தீவுகளுக்குச் சூட்டப்பட்டபோதும் அவர் பெயர் இருந்தது.

நம் பெரியவருக்காக மனுவை நகராட்சியிடம்தான் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்காதீர்கள்.