லோகநாதன் சாரைக் கொன்றது விதி இல்லை

ரெண்டு நாளாக எல்லார் பக்கத்திலும் லோகநாதன் சாருக்கு ஒரு நண்பர் போட்ட அஞ்சலிப் பதிவுதான் ஓடுகிறது. ஏப்ரல் 16 வந்தால் லோகநாதன் சாரை நினைப்பது நல்ல விஷயம். கோபிசெட்டிபாளையம் பக்கம் கரட்டடிபாளையத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி., கான்பூர் ஐ.ஐ.டி., அமெரிக்காவில் பர்டியூ என்று படித்துப் போய், அங்கேயே வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் பாடம் எடுத்தவர். 2007 ஏப்ரல் 16 அன்று அங்கே ஒரு மாணவன் துப்பாக்கியால் சுட்டதில் வகுப்பறையிலேயே இறந்துபோனார். படத்தைப் போட்டு நாலு நல்ல வார்த்தையோடு நிறுத்தியிருக்கலாம். "பைத்தியம் பிடித்த ஒருத்தன் கையில் சிக்கிவிட்டார், விதி, இதற்குச் சட்டம் என்ன செய்யும்" என்று பதிவு போட்டவர் முடித்திருக்கிறார் பாருங்கள், அதுதான் மனதை அறுக்கிறது. கீழே வந்தவர்களும் "ஆமாம், விதி" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

விதி இல்லை. அந்தத் துப்பாக்கி அவன் கைக்கு எப்படி வந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

நான் சொல்கிறேன். 2005 டிசம்பர் 14-ஆம் தேதி வர்ஜீனியாவில் ஒரு நீதிபதி அந்த மாணவனை விசாரித்து, மனநோயால் தன் உயிருக்கே ஆபத்தாக இருக்கிறான் என்று உத்தரவில் எழுதினார். மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லவில்லை, வெளிநோயாளியாகப் போய்ச் சிகிச்சை எடுக்கச் சொன்னார். அமெரிக்க மத்திய விதிப்படி, ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நீதிமன்றம் தீர்மானித்துவிட்டாலே போதும், அவருக்குத் துப்பாக்கி விற்கக் கூடாது. உள்நோயாளியா வெளிநோயாளியா என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் வர்ஜீனியா மாநிலம் உள்நோயாளிகளாகச் சேர்க்கப்பட்டவர்களின் பெயரை மட்டும்தான் துப்பாக்கி வாங்குவோரைச் சரிபார்க்கும் பட்டியலுக்கு அனுப்பிவந்தது. இவன் பெயர் போகவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே பார்வைக்குச் சட்டப்படி நடந்தது போலவே இருந்தது. 2007 பிப்ரவரியில் இணையத்தில் பணம் கட்டிய ஒரு கைத்துப்பாக்கியை உள்ளூர் அடகுக்கடையில் வாங்கிக்கொண்டான். வர்ஜீனியாவில் அப்போது முப்பது நாளைக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம். அவன் அதையும் மீறவில்லை, நாள் கழித்து மார்ச்சில் இரண்டாவதை வாங்கினான். கடையில் ஒரு படிவம் தருவார்கள். குற்றத் தண்டனை உண்டா, போதைப் பழக்கம் உண்டா, மனநலம் பற்றி நீதிமன்றத் தீர்ப்பு உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். "இல்லை" என்று குறித்தால் போதும். கடைக்காரர் கணினியில் தட்டிப் பார்க்கிறார், பட்டியலில் பெயர் இல்லை, விற்றுவிடுகிறார். கடைக்காரர் மேல் தப்புச் சொல்ல முடியாது. தப்பு பதினாலு மாதம் முன்னாலேயே, அனுப்பாமல் விட்ட அந்த ஒரு தகவலில் நடந்து முடிந்துவிட்டது.

ஏப்ரல் 16 காலையில் பல்கலைக்கழகத்தின் நாரிஸ் கட்டடத்தின் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டினான். பத்துப் பதினோரு நிமிடத்தில் 174 தோட்டா. 206-ஆம் அறையில் லோகநாதன் சாரும் ஒன்பது மாணவர்களும் போனார்கள். அன்றைக்கு மொத்தம் 32 உயிர்.

இரண்டே வாரத்தில் வர்ஜீனியா ஆளுநர் ஓர் உத்தரவு போட்டு அந்த ஓட்டையை அடைத்தார். 2008 ஜனவரியில் மாநிலங்கள் இப்படிப்பட்ட பதிவுகளை அனுப்புவதற்காக மத்திய சட்டமே வந்தது. துப்பாக்கிக்காரர்களின் பெரிய சங்கமான என்.ஆர்.ஏ.வே அதை ஆதரித்தது. ஒரு கையெழுத்தில் அடைக்க முடிந்த ஓட்டைக்கு "விதி" என்று பெயர் வைக்காதீர்கள்.

"அது ஒரு தடவை நடந்த தவறு" என்பீர்கள். 2015 ஜூனில் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வேத பாடத்துக்கு உட்கார்ந்திருந்த ஒன்பது பேரைச் சுட்டவனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மேல் இருந்த போதை வழக்கின் விவரம் எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறது என்பதில் குளறுபடி, அதனால் சரிபார்ப்பு முடியவில்லை. மூன்று வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்பது சட்டம். விற்றார். 2017 நவம்பரில் டெக்சாஸின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில், வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்து 26 உயிர். சுட்டவன் மனைவியையும் குழந்தையையும் அடித்ததற்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டனை வாங்கியவன். அதைச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்திருக்கும் எஃப்.பி.ஐ.க்கு அனுப்ப வேண்டிய விமானப்படை அனுப்பவில்லை. ஊர் வேறு, ஆள் வேறு. துப்பாக்கி கைக்கு வந்த வழியைக் கேளுங்கள், ஏதோ ஒரு அலுவலகத்தில் அனுப்பாத தகவலில் போய் நிற்கும்.

இப்போது "மனநோய்தான் காரணம்" என்கிறவர்களுக்கு வருகிறேன். மனநோயாளிகள் எந்த நாட்டில் இல்லை? அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதுகூட இல்லை, அடி வாங்குகிறவர்கள்தான் அதிகம். வர்ஜீனியா விஷயத்தில் சட்டம் கேட்டது நோயின் பெயரை இல்லை. ஆபத்து என்று நீதிபதி சொன்னாரா என்பதைத்தான் கேட்டது. இந்த வித்தியாசம் புரியாமல் "பைத்தியம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போகிற அத்தனை பேர் முகத்திலும் அறைகிறீர்கள். எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

"துப்பாக்கி இல்லாவிட்டால் கத்தி எடுப்பான்." சரி, எடுக்கட்டும். 2012 டிசம்பர் 14 அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் ஒருத்தன் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கத்தியால் வெட்டினான். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அதே தேதியில் அமெரிக்காவில் சாண்டி ஹூக் பள்ளிக்குள் ஒருத்தன் துப்பாக்கியோடு போனான். 20 குழந்தைகள், ஆறு பெரியவர்கள் செத்தார்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நல்லவன் கையிலும் துப்பாக்கி இருந்தால் தடுப்பான்." 2022 மே 24, டெக்சாஸின் யுவால்டி பள்ளிக்குள் ஒருத்தன் சுட ஆரம்பித்தான். 376 காவலர்கள் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக் கதவைத் தாண்ட 77 நிமிடம் ஆனது. உள்ளே 19 குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள் செத்தார்கள். சுட்டவனுக்குப் பதினெட்டு வயது நிரம்பி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, வயது வந்ததும் கடைக்குப் போய்ச் சட்டப்படி வாங்கியிருக்கிறான். 21 வயதுக்குக் கீழே வாங்குகிறவர்களின் பழைய பதிவுகளையும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற சட்டம் அடுத்த மாதமே வந்தது. அந்தக் குழந்தைகளைப் புதைத்த பிறகு வந்தது.

துப்பாக்கியில் மாட்டுகிற தோட்டாக்கூடு (மேகசின்) பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள், "பத்தோ முப்பதோ, சுடுகிறவன் சுடுவான்" என்று. 2011 ஜனவரியில் அரிசோனாவின் டூசான் ஊரில் ஒரு கடைவாசலில் நாடாளுமன்ற உறுப்பினர் காப்ரியேல் கிஃபர்ட்ஸைச் சுட்டவனிடம் 33 தோட்டா பிடிக்கிற கூடு இருந்தது. அது தீரும்வரை ஒருவராலும் கிட்டே போக முடியவில்லை, ஆறு பேர் செத்தார்கள். தீர்ந்து, அடுத்ததை மாட்டப் போன அந்தச் சில நொடியில்தான் பக்கத்தில் இருந்தவர்கள் பாய்ந்து அமுக்கினார்கள். புதுக் கூட்டை அவன் கையிலிருந்து பிடுங்கியது அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. பத்துத் தோட்டாவுக்கு மேல் பிடிக்கிற புதிய கூடுகளுக்கு 1994-இல் தடை வந்தது. 2004-இல் அதைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். 33-இல் தீர்ந்த அந்தக் கூடு பத்தில் தீர்ந்திருந்தால் அந்த நொடி எவ்வளவு முன்னால் வந்திருக்கும்?

"கள்ளத்தனமாக வாங்குவானே" என்பவர்களுக்கு: வாங்குவான், சிலர் வாங்குகிறார்கள். உரிமம் இல்லாத தனிநபர் விற்றால் மத்தியச் சட்டப்படி சரிபார்ப்பே தேவையில்லை என்பதும் உண்மை. அதைச் சரிசெய்ய 2013-இல் செனட்டில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. 54 ஓட்டு விழுந்தும் 60 தேவை என்று தோற்றது. ஓட்டை பெரிது என்றால் அடைக்கத்தானே சொல்ல வேண்டும்?

"அமெரிக்கா சமாச்சாரம், உனக்கு ஏன்?" என்று கேட்டவருக்குக் கரட்டடிபாளையம் எங்கே இருக்கிறது என்பதே போதும்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. இந்தக் கூட்டக் கொலைகளை மட்டும்தான் நாம் பேசுகிறோம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர், அதில் 26,328 பேர் தற்கொலை.  2005-இல் நீதிபதி அந்தப் பையனைப் பற்றி எழுதியதும் இதைத்தான், தன் உயிருக்கே ஆபத்து என்று. அந்த வரியை யாராவது மதித்திருந்தால், கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்ட அவனும் பிழைத்திருப்பான், சாரும் பிழைத்திருப்பார்.

பதிவு போட்ட நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அஞ்சலி அப்படியே இருக்கட்டும். "விதி" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 14-12-2005 என்று போடுங்கள்.