முத்திரை இல்லாத குந்தன் நகை போலியா?

ஹால்மார்க் முத்திரை இல்லாத ராஜஸ்தான் குந்தன் கல்யாண நகை எல்லாமே போலி என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியில்லைங்க. 2021 ஜூன் 16 முதல் ஹால்மார்க் கட்டாயமானபோதே குந்தன், போல்கி (பட்டை தீட்டாத வைரம் பதித்தது), ஜடாவ் (கல் பதித்தது) ஆகிய மூன்று வகை நகைக்கும் அரசாணையில் விலக்கு உண்டு. ஹால்மார்க்கை நிர்வகிக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) இணையதளத்தில் கட்டாய ஹால்மார்க் பற்றிய கேள்வி பதிலில் யாரும் பார்க்கலாம்.

குந்தன் நகையின் கூட்டுக்குள் அரக்கு நிரப்பி, கல் வைத்து, சுற்றிலும் சொக்கத் தங்கத் தகட்டை அழுத்தி இறுக்குவார்கள். தராசில் நிற்பது தங்கம் மட்டுமல்ல. அரக்கும் கல்லும் சேர்ந்த எடை. அதனால் பில்லில் மொத்த எடை, நிகரத் தங்க எடை, கேரட் மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையைத்தான் சந்தேகப்பட வேண்டும். முத்திரை உள்ள நகையென்றால் அந்த நகைக்கே உரிய, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீட்டை (எச்.யு.ஐ.டி.) பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டாலே விவரம் வந்துவிடும்.