சின்ன புல்லி மட்டும் போதாது அண்ணே

"சூப்பர்சார்ஜர் வண்டிக்கு முதல்ல சின்ன புல்லி, டியூனிங் வேண்டாம்"னு மேலே ஒருத்தர் சொல்லியிருக்கிறது தப்பு அண்ணே. சூப்பர்சார்ஜர்னா இன்ஜின் பெல்ட்டால சுத்தி, காத்தை அழுத்தி இன்ஜினுக்குள்ள தள்ளுற பம்ப். அந்த பெல்ட் ஓடுற சக்கரம்தான் புல்லி. டியூனிங்னா ஈசியூ (இன்ஜினை இயக்குற கம்ப்யூட்டர்) செட்டிங்கை மாத்துறது. 75 மிமீ புல்லியை 70 ஆக்கினா சார்ஜர் 7 சதவீதம் வேகமா சுத்தும். பூஸ்ட், அதாவது உள்ளே போற காத்தோட அழுத்தம் ஏறும், கூடவே அந்தக் காத்தோட சூடும் ஏறும். மே மாசம் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசல்ல நின்னுட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா இன்ஜின் நாக் ஆகும் (பெட்ரோல்-காத்து கலவை தானா வெடிச்சுத் தட்டும்), ஈசியூ இக்னிஷன் டைமிங்கைக் குறைச்சிடும், அதாவது பிளக் பொறியைத் தாமதமா விடும். போட்ட காசுக்கு பவர் வராது.

முதல்ல அழுத்தின காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலரைப் பாருங்க. தண்ணி வகைன்னா அதோட பம்ப் ஓடுதான்னும். அப்புறம் ஒரு படி கூலான (சூட்டை வேகமா வெளியேத்துற) ஸ்பார்க் பிளக். புல்லி மாத்துற அன்னைக்கே டியூன். ஃபுல் த்ராட்டில்ல இன்ஜெக்டர் டியூட்டி (பெட்ரோல் தெளிக்கிற இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரத்தோட அளவு) 85 சதவீதம் தாண்டினா பெரிய இன்ஜெக்டர் வேணும்.

புல்லி ஓரத்துல கறுப்புத் தூள், மேல் ஆர்பிஎம்ல பூஸ்ட் இறங்குதுன்னா பெல்ட் வழுக்குது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரைக் கவனிங்க, இன்னும் சின்ன புல்லி போட்டா வழுக்கல்தான் கூடும்.